பெட்டி மாடியில், மனிதர் கீழே

என் தவறுக்கு ஒரு பெண்ணைப் பழி சுமக்க வைத்தேன். தெரியாமல் நடந்தது என்று சொல்லிவிடத்தான் ஆசை. ஆனால் பழி சொல்லிக்கொண்டிருந்த அந்த நிமிடத்திலேயே, தவறு என்னுடையது என்பது எனக்குத் தெரியும்.

இதயக் கருவிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். நோயாளிகளை வீட்டிலிருந்தபடியே கண்காணிக்கும் முறையை நம் மருத்துவமனையில் தொடங்கியவன் நான் என்பதால் கேட்டிருப்பார்கள். தொடங்கிய கதையை வேறு யாரும் எழுதலாம். இதை நான்தான் எழுத வேண்டும்.

தொழில்நுட்பம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கதைக்கு வேண்டியது இவ்வளவுதான். நெஞ்சுக்குள் பொருத்திய கருவி, நோயாளி உறங்கும்போது கட்டிலருகே உள்ள சிறிய பெட்டியிடம் தன் நிலைமையைச் சொல்லும். பெட்டி அதை செல்போன் டவர் வழியாக நமக்கு அனுப்பும். பெட்டியில் எரியும் பச்சை விளக்கு, டவர் கிடைக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். சிக்னல் கிடைத்தால், பெட்டிக்கு டவர் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் பரவாயில்லை. ஆள் மட்டும் கூப்பிடு தூரத்தில் இருந்தால் போதாது, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

காதர் பாய் திருச்சி பழைய நகரத்தில் சூட்கேஸும் குடையும் விற்கும் கடை வைத்திருந்தார். மாரடைப்புக்குப் பிறகு அவருக்கு, இதயத் துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் உள்ளிருந்தே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் கருவியைப் பொருத்தினோம். மகன் குவைத்தில். மருமகள் நஸீமாதான் அவருடைய மாத்திரை, உப்பு, செக்கப் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். பி.காம். படித்தவர். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். அவசரத்தில் இருக்கும் டாக்டர்களுக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிப்பதில்லை. எனக்கும் பிடிக்கவில்லை.

பெட்டியைக் கொடுத்தனுப்பிய சில நாட்களில் நஸீமா போன் செய்தார். ஓ.பி.யில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. போனை எடுக்க வேண்டிய டெக்னீஷியன் அறையில் இல்லை. நானே எடுத்தேன்.

"டாக்டர், மாமா படுக்கிற ரூம்ல டவரே எடுக்க மாட்டேங்குது. லைட் ஆரஞ்சாவே எரியுது."

"பச்சை எங்க வருதோ அங்க வைங்கம்மா."

"கட்டிலுக்குப் பக்கத்துலயே இருக்கணும்னு சொன்னாங்களே டாக்டர்?"

"பச்சை எரியாம கட்டிலுக்குப் பக்கத்துல வச்சு என்ன செய்யப் போறீங்க? பச்சை எரிஞ்சா போதும். வைங்க."

இரண்டாவது 'வைங்க' போனை வைக்கச் சொன்னது. சரியான கேள்வியை அவர் கேட்டார். தவறான பதிலை நான் சொன்னேன். அடுத்த நோயாளி உள்ளே வந்ததும் அந்தப் பேச்சு என் நினைவிலிருந்து போய்விட்டது.

அவர்கள் வீடு நெருக்கமான சந்துக்குள் இருக்கும் பழைய வீடு. சுவர்கள் கனமானவை. கையில் பெட்டியும் நீளமான ஒயருமாக ஒவ்வொரு அறையாக நஸீமா நடந்து பார்த்திருக்கிறார். கூடத்தில் வரவில்லை, அடுப்படியில் வரவில்லை. மாடியில் தெருவைப் பார்த்த ஜன்னல் ஓரத்தில் பச்சை வந்தது. அங்கே ஸ்டூல் போட்டு, பெட்டியை வைத்து, தூசி படாமல் மேலே ஒரு துணியும் போட்டார். காதர் பாய்க்கு முழங்கால் வலி. மாடிப்படி ஏற மாட்டார். கீழ் அறையில்தான் படுப்பார். டாக்டர் சொன்னபடி மாடியில் பச்சை எரிந்துகொண்டே இருந்தது.

நம் பிரிவிலும் இதைக் கண்டுபிடித்திருக்கலாம். கண்டுபிடிக்க முடியாமல் போனதற்கும் நான்தான் காரணம். அப்போது நம் திரையில் நோயாளிகளின் பெயர்கள் மூன்று நிறத்தில் வரும். எல்லாம் சரியென்றால் பச்சை. கருவியில் கோளாறென்றால் சிவப்பு. பெட்டி வேலை செய்கிறது, ஆனால் பக்கத்தில் ஆளைக் காணோம் என்றால் மஞ்சள். டெக்னீஷியன் ஒருநாள் என்னிடம் கேட்டார்.

"சார், மஞ்சள் நிறைய சேந்து போச்சு. ஒவ்வொருத்தரா போன் பண்ணிக் கேட்டுடட்டுமா?"

"மஞ்சளை விடும்மா. பேத்தி காதுகுத்துக்குப் போயிருப்பாங்க, இல்ல மகளுக்கு வளைகாப்புன்னு போயிருப்பாங்க. நம்ம ஊர்ல யாரு பெட்டியத் தூக்கிட்டு விசேஷத்துக்குப் போறா? திரும்பி வந்தா தானா பச்சையாயிடும். நீ சிவப்பைப் பாரு."

நான் சொன்னது பெரும்பாலும் பலித்தது. அதனால் அது விதியாகிவிட்டது. காதர் பாய் மாதக்கணக்கில் மஞ்சளில் இருந்தார். அவர் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. கடைக்குப் போய் வந்து, கீழ் அறையில் படுத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்கு முன் பள்ளிவாசலில் கை கால் கழுவ உட்கார்ந்திருக்கிறார். திடீரென்று உடம்பு தூக்கிப் போட்டது. பின்னால் சாய்ந்தார். பக்கத்தில் இருந்தவர் தாங்கிப் பிடிக்கப் போக, யாரோ தடுத்தார்கள்.

"கரன்ட்டு அடிக்குது, தொடாதீங்க. மோட்டார் லீக்காவுது."

ஒருவர் ஓடிப்போய் மெயினை அணைத்தார். விசிறிகள் நின்றன. குழாயில் தண்ணீர் நின்றது. அதற்குப் பிறகும் அவருக்கு இன்னொரு முறை தூக்கிப் போட்டது. சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மெயின் அணைத்த பிறகு கரன்ட் எங்கிருந்து வரும்? காதர் பாய்தான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

"லைன்ல இல்லப்பா. எனக்குள்ள இருக்கு."

ஆட்டோவில் வரும் வழியெல்லாம் ஷாக் அடித்துக்கொண்டே இருந்தது. முழு நினைவோடு இருக்கும் மனிதருக்கு அது நெஞ்சில் குதிரை உதைப்பதுபோல என்று பின்னால் ஒருமுறை சொன்னார். அவசர சிகிச்சைப் பிரிவில் நம் டெக்னீஷியன் காந்த வளையத்தை அவர் நெஞ்சின் மேல் வைத்ததும் ஷாக் நின்றது. நின்ற பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. அடுத்தது எப்போது வரும் என்று பல்லைக் கடித்துக் காத்துக்கொண்டே இருந்தார்.

கருவியின் பதிவுகளைப் படித்துப் பார்த்தோம். கருவியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பி உடைந்திருந்தது. உடைந்த கம்பியின் இரைச்சலை ஆபத்தான துடிப்பு என்று கருவி நினைத்துக்கொண்டு, நன்றாக இருந்த இதயத்துக்கு ஷாக் கொடுத்திருக்கிறது. கம்பி ஒரே நாளில் உடையவில்லை. அறிகுறிகள் வாரக்கணக்கில் முன்பே தொடங்கியிருந்தன. இரவுதோறும் கருவி அதைச் சொல்லப் பெட்டியைத் தேடியிருக்கிறது. பெட்டி கேட்டிருந்தால் அவரை வரவழைத்து, நிதானமாகக் கம்பியை மாற்றி அனுப்பியிருப்போம். பெட்டி எதையும் கேட்கவில்லை.

நான் வெளியே வந்தேன். ஓ.பி. கூடத்தில் காதர் பாயின் மனைவி, அவருடைய அண்ணன், நஸீமா, பள்ளிவாசலில் இருந்து கூட வந்தவர்கள், பெஞ்சு நிறைய மற்ற நோயாளிகள். எனக்குப் பயம் வந்தது. பயத்தை மறைக்கக் கோபம் உதவும். அதைத்தான் எடுத்துக்கொண்டேன்.

"பெட்டியை எங்கம்மா வச்சிருக்கீங்க?"

"மாடியில டாக்டர்."

"அவர் எங்க படுக்கிறாரு?"

"கீழ."

"பெட்டி மாடியில, மனுசன் கீழ. படிச்ச பொண்ணுதானே நீ? இதுகூடவா தெரியாது?"

"டாக்டர், நீங்கதான் அன்னைக்கு..."

அந்த இடத்தில்தான் போன் பேச்சு எனக்கு நினைவு வந்தது. பச்சை எரிஞ்சா போதும், வைங்க. என் குரலே எனக்குக் கேட்டது. அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நான் குரலை உயர்த்தினேன்.

"எதிர்த்துப் பேசாத. உன் அலட்சியத்துல இன்னைக்கு ஒரு உயிர் போயிருக்கும்."

மாமியார் நஸீமாவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு உள்ளே போனேன்.

பழைய கம்பியை எடுத்துப் புதியது வைத்தோம். காதர் பாய் தேறினார். டெக்னீஷியன் பெட்டியில் வேறு கம்பெனி சிம்மைப் போட்டுக் கொடுத்தார். கீழ் அறையிலேயே கட்டிலுக்குப் பக்கத்தில் பச்சை எரிந்தது. அவ்வளவுதான் வேலை.

அடுத்த செக்கப்புக்கு நஸீமா வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. காதர் பாயின் மனைவிதான் கூட வந்தார்.

"மருமக வரலையா பாயம்மா?"

"அது முசிறியில அவங்கம்மா வீட்டுல இருக்கு டாக்டர். நீங்க அப்படிச் சொன்னப்புறம் அது கையால சோறு வாங்கித் திங்கவே எனக்குப் பயமா இருந்துச்சு. பையன்ட்டச் சொன்னேன். அவனும் கொஞ்ச நாள் அங்கயே இருக்கட்டும்னுட்டான். போன்ல கூடப் பேசறதில்லை போல."

காதர் பாய் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல புள்ளைங்க அது," என்று மட்டும் சொன்னார்.

நான் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது கோழையின் பரிகாரம். காதர் பாய்க்குப் போன் செய்து, "உங்க மருமக மேல தப்பில்ல பாய், எல்லாம் மெஷின் கோளாறு," என்றேன். அவர் நன்றி சொன்னார். மறுவாரம் அவர் மனைவி டெக்னீஷியனிடம் சொன்னாராம்: "டாக்டர் தங்கமான மனுசர். அந்தப் பொண்ணு வாழ்க்கை கெட்டுடக் கூடாதுன்னு பழியை மெஷின் மேல போடுறாரு." என் அரை உண்மையும் நஸீமாவுக்கு எதிராகவே போனது. எனக்குப் பெருந்தன்மை என்ற பெயரும் சேர்ந்தது.

இதைச் சொன்ன டெக்னீஷியன் கதவருகே நின்றுகொண்டே இருந்தார்.

"வேற ஏதாவதாம்மா?"

"அன்னைக்கு நீங்க போன்ல பேசினது எனக்குக் கேட்டுச்சு சார். அப்பத்தான் ரூமுக்குள்ள வந்தேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"உங்ககிட்ட எப்படி சார் சொல்றது?"

அவர் குறையாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் கேட்டார். அத்தனை வருட வேலையில் என்னைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்றை அந்தக் கேள்வி சொன்னது. நம் பிரிவில் இரண்டு பேருக்கு உண்மை தெரிந்திருந்தது. ஒருவர் எனக்குப் பயந்து வாய் திறக்க முடியாமல் இருந்தார். இன்னொருவன் நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முசிறிக்குப் போனேன். நஸீமாவின் அம்மா கதவைத் திறந்தார். யாரென்று சொன்னதும் அவர் முகம் மாறியது. ஆனாலும் உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். நஸீமா அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். எதிரே வந்து நின்றார். நான் எழுந்துகொண்டேன்.

"நீங்க செஞ்சது சரிம்மா. தப்பாச் சொன்னது நான்தான். அன்னைக்கு உங்களத் திட்டிட்டு இருக்கும்போதே எனக்கு அது ஞாபகம் வந்துடுச்சு. தெரிஞ்சுதான் பேசினேன். மன்னிச்சிடுங்க."

நஸீமா நின்றபடியே கேட்டார்.

"இதை ஏன் டாக்டர் எங்கிட்டச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே."

"உங்க மாமனார் மாமியாரைப் பாத்தும் சொல்றேன்."

"வீட்டுல போய்ச் சொல்லாதீங்க. வீட்டுல சொன்னா எனக்காகப் பேச வந்தீங்கன்னு நினைப்பாங்க. எங்க சொன்னீங்களோ அங்க சொல்லுங்க. அன்னைக்கு மாதிரி எல்லாரும் இருக்கும்போது. நான் வந்து நிக்கிறேன்."

அவருடைய அம்மா, "விடு புள்ள, பெரிய மனுசர் வீடு தேடி வந்திருக்காரு," என்றார்.

"டாக்டரும் அங்க வந்து நிக்கட்டும்மா. நானும்தானே அன்னைக்கு எல்லார் முன்னாலயும் நின்னேன்."

திரும்பி வரும்போது காவிரிக் கரைச் சாலையில் காரை ஓரம் கட்டிச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னால் அந்தக் கூடத்தில் நின்று அதைச் சொல்ல முடியுமா என்று எனக்கே தெரியவில்லை. வழக்கு வரலாம் என்பதைவிட, பெஞ்சில் இருப்பவர்கள் பார்க்கப்போகும் பார்வைக்குத்தான் அதிகம் பயந்தேன்.

குவைத்திலிருந்து மகன் விடுப்பில் வந்த வாரம், காதர் பாயின் செக்கப் நாளில் எல்லோரையும் வரச் சொன்னேன். அவர், மனைவி, அண்ணன், மகன் வந்தார்கள். நஸீமா அம்மாவோடு தனியாக வந்து, அன்று நின்ற அதே இடத்தில் நின்றார். ஓ.பி. நிறைய ஆட்கள். நான் அறையை விட்டு வெளியே வந்து சொன்னேன். போனில் அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன், பிறகு இந்தக் கூடத்தில் எதை மறைத்தேன், எல்லாவற்றையும். ஒப்பிக்கத் தயாரித்து வைத்திருந்த வார்த்தைகள் வரவில்லை. கோர்வையில்லாமல்தான் சொன்னேன்.

முதலில் எழுந்தவர் காதர் பாயின் மனைவி.

"இத்தனை நாளா இதை வயித்துல வச்சிக்கிட்டா எங்களுக்கு மருந்து எழுதிக் குடுத்தீங்க? நான் அந்தப் பொண்ண என்னென்ன பேசியிருக்கேன் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும் பாயம்மா."

"தெரியாது உங்களுக்கு."

அவர் சொன்னதுதான் சரி. எனக்குத் தெரியாது. மகன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காதர் பாய்தான் மனைவியின் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "கத்தாத. எனக்கு உள்ள மறுபடி ஆரம்பிச்சிடப் போவுது," என்றார். அவர் அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஸ்ரீரங்கத்து மாமி ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"டாக்டர், அப்போ பெட்டி நம்ம பக்கத்துலதான் இருக்கணுமோ? எங்காத்துல பெருமாள் உள்ளுல, பூஜை ரூம்லன்னா வச்சிருக்கு. அங்கதான் பச்சை நன்னா எரியறது. நான் கூடத்துல படுத்துக்கறேன்."

"யார் மாமி அங்க வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. உசிரக் காப்பாத்தற வஸ்துவாச்சேன்னு வச்சேன். தினம் அதுக்கும் ஒரு புஷ்பம் சாத்தறேன்."

அவர் பேசியதும் மற்றவர்களும் வாய் திறந்தார்கள். திருவானைக்காவலில் இருந்து வந்தவர், பேரன் உடைத்துவிடுவான் என்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். பச்சைமலையில் இருந்து வந்த விவசாயி எழுந்து நின்று, "எங்க ஊர்ல டவர் இல்லீங்க. துறையூர்ல மச்சான் வீட்டுல வச்சிருக்கோம். மச்சான் தவறாமப் பாத்துக்கிறாரு, பச்சையாத்தான் எரியுதாம்," என்றார். டெக்னீஷியன் அவர்கள் நடுவே பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார். என் விதிப்படி நாங்கள் விட்டுவைத்திருந்த மஞ்சள் பெயர்கள் அவை. அன்று பரிசோதித்ததில் ஸ்ரீரங்கத்து மாமியின் பேஸ்மேக்கர் பேட்டரி முடியும் தறுவாயில் இருந்தது. அந்த வாரமே மாற்றினோம்.

டாக்டர் தவறு செய்வார் என்று தெரிந்த பிறகுதான் அவர்களால் தங்கள் வீட்டில் பெட்டி எங்கே இருக்கிறது என்று சொல்ல முடிந்தது. இதை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. காதர் பாய் வீட்டோடு முடித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். கூடாது என்று நின்றவர் நஸீமா. அந்த மாமி இன்றும் புஷ்பம் சாத்திக்கொண்டிருக்கிறார் என்றால் அதற்கான நன்றி நஸீமாவுக்கே சேரும்.

நஸீமா அன்றே வீட்டுக்குப் போய்விடவில்லை. மாமியார் வந்து கையைப் பிடித்தபோது, "இன்னைக்கு வரல மாமி. நாளைக்கு எல்லாரும் முசிறிக்கு வந்து கூப்பிடுங்க, வரேன்," என்றார். மறுநாள் போய் அழைத்து வந்தார்கள். நிர்வாகம் என்னைப் பிரிவுத் தலைமையிலிருந்து விலகச் சொன்னது. விலகினேன். அதில் எனக்கு வருத்தமில்லை. அந்த இடத்துக்கு வந்தவர் முதல் வேலையாக மஞ்சள் பெயர்களைக் கூப்பிட்டுப் பேச ஒருவரை நியமித்தார். சில நோயாளிகள் என்னிடம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறதென்று தெரியவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நெருக்கடியில் யாராவது உங்களிடம் "நீங்கதான் அன்னைக்கு..." என்று ஆரம்பித்தால், வாக்கியத்தை முடிக்க விடுங்கள். அது முடிவதற்கு ஆகும் நேரத்தில் எந்த நோயாளியும் இறந்துவிட மாட்டார்.

நான் ஓய்வு பெறும்வரை காதர் பாயை நஸீமாதான் செக்கப்புக்கு அழைத்து வந்தார். ஒவ்வொரு முறையும் நான் சொல்லி முடித்ததும் டெக்னீஷியனை உள்ளே கூப்பிடுவார். நான் சொன்னதை என் முன்னாலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, "டாக்டர் இப்படித்தானே சொன்னாங்க? நீங்களும் கேட்டுக்கங்க அக்கா," என்பார். பிறகு என் பக்கம் திரும்பி, "சரிதானே டாக்டர்?" என்பார். சிரிக்க மாட்டார். கோபமும் இருக்காது.

அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. மாமனாரை மட்டும் கடைசிவரை என்னிடமே அழைத்து வந்தார். திருச்சியில் இதய டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை.